போன வாரத்து ஆர்டரே இன்னும் முடியல

அட, முதல்ல உட்காருங்க. நின்னுட்டே கேக்கற கேள்வியாங்க அது? தொழில் எப்படிப் போகுது, கையில ஆள் இருக்குதா, அடுத்த மூணு மாசத்துக்கு எப்படின்னு வாசப்படி தாண்டறதுக்குள்ள மூணையும் கேட்டுப்போட்டீங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், ஆடும். இந்தச் சேர்ல உட்காருங்க. பையைக் கீழ வையுங்க, கனமா இருக்கும்போல. மடியிலயே வெச்சுக்கறீங்களா? சரி, உங்க இஷ்டம்.

இருங்க, இருங்க. நீங்க யாருன்னு சொல்லவே வேண்டாம். இந்தச் சந்துக்குள்ள வர்ற எவனும் அவன் யாருன்னு நெசத்தைச் சொல்றதில்லீங்க. அதனால நான் கேக்கறதே இல்ல. நீங்க டீயைக் குடிங்க, நான் பேசறேன், பேசப்பேச உங்க மூஞ்சியைப் பார்த்து நானே கண்டுபுடிச்சுக்கறேன். இன்னிக்கு எனக்கு வேற வேலையும் இல்ல. ஊட்டுக்குப் போனா ஊட்டுக்காரி மூஞ்சியைப் பாக்க முடியாது. என்ற பையன் இன்னிக்கு ஊரை விட்டுப் போறானுங்க. மத்தியானம் பஸ். மெட்ராஸ்ல ஏதோ கம்பெனியில வேலை. அவன் போயிட்டான்னா இந்தப் பட்டறை ஷட்டரை இழுத்து விட்டுட்டு நானும் போய்ப் படுத்துக்க வேண்டியதுதான். எல்லாம் நீங்க கேட்டீங்களே, அந்தக் கேள்வியால வந்ததுங்க.

தொழில் எப்படிங்க போகுது. சாதாரணக் கேள்விதான். கோயமுத்தூர்ல பொறந்தவன் இதைக் கேக்காத நாள் இல்ல. ஆனா பதிலு தொழிலைப் பொறுத்து இல்லீங்க, கேக்கற ஆளைப் பொறுத்தது. வரிக்காரன் கேட்டா, ஏதோ கதவைத் தொறந்து வெச்சிருக்கோமுங்க. பேங்க்காரன் கேட்டா, இன்னொரு மெஷின் வாங்கற ரோசனை. கோயில் நோம்பிக்கு வசூல் பண்றவங்க கேட்டா, போன வருசத்துக்கு இந்த வருசம் கொஞ்சம் மட்டம். பொண்ணு ஊட்டுக்காரங்க கேட்டா, அய்யோ, அதை ஏங்க கேக்கறீங்க, சோறு திங்க நேரமில்லீங்க! இதெல்லாம் பொய்யின்னு நெனைக்காதீங்க. மரியாதை. வந்தவன் எந்தப் பதிலுக்கு வந்திருக்கானோ அதைக் குடுத்துத் தாட்டி விடறது, அனுப்பி வெக்கறது.

நாங்க இம்பெல்லர் கடையறோமுங்க. பம்ப்செட்டுக்குள்ள சுத்தற சக்கரம். வார்ப்படமா வர்றதை லேத்துல மாட்டிப் பிசிறில்லாம கடைஞ்சு குடுக்கறது. நம்ம மெஷினைப் பாத்தீங்கல்ல? பழசுதான், ஆனா சபரி கையில குடுத்தா ஒரு மயிரிழை தள்ளாது. சபரிநாதன். அவன்தான் என்ற பையன். இன்ஜினீயரிங் படிச்சுட்டு, எனக்கு ஒத்தாசையா இருக்கோணும்னு இங்கயே நின்னுட்டான். பீடி இல்ல, சீட்டு இல்ல, ஒரு கெட்ட பழக்கம் இல்ல. வயசு முப்பத்திநாலு. பொண்ணு இல்ல.

சிரிக்காதீங்க. லேத் பட்டறைன்னு சொன்ன ஒடனே போனை வெச்சிர்றாங்களுங்க. ஒருத்தரு கேக்கறாரு, பையன் பெங்களூருங்களா, அமெரிக்காவுங்களான்னு. இங்க கோயமுத்தூர்லயே, கணபதியிலதானுங்கன்னேன். டொக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். சொந்தமா தொழில் பண்றவனுக்குப் பொண்ணு குடுக்கறதுக்குப் போட்டி போட்ட ஊருங்க இது. இப்பக் கழுத்துல கம்பெனி அட்டை மாட்டியிருக்கோணும். அட்டை மாட்டினவன் வாடகை ஊட்டுல இருந்தாலும் பரவாயில்ல.

இப்படி இருக்கையில உடுமலையில இருந்து ஒரு எடம் வந்துச்சு. கிட்டுசாமின்னு பேரு, தென்னந்தோப்பு இருக்குது. ஒரே பொண்ணு, இந்துமதி, காலேஜ்ல பாடம் எடுக்குது. சாதகம் பொருந்தியிருச்சு. பையன் போட்டோவைப் பாத்து அந்தப் பொண்ணே சரின்னு சொல்லிப்போடுச்சு. பெரியவங்களுக்குத் தெரிஞ்சே ரெண்டு தடவை போன்ல பேசிக்கிட்டாங்க. அதுக்கப்பறம் ஒரு நாள் இவன் மெஷினை ஓட்டிட்டு இருக்கையில தானா சிரிச்சானுங்க. நான் அந்தப்பக்கம் திரும்பிக்கிட்டேன். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இவன் சிரிச்சுப் பாத்து எத்தனை வருசமாச்சு!

கிட்டுசாமி சொன்னாரு, நல்லதுங்க, விசாரிச்சுட்டுச் சொல்றோம்னு.

விசாரிக்கறதுன்னா எப்படின்னு உங்களுக்கே தெரியும். யாருக்கும் அடையாளம் தெரியாத ஆளா ஒருத்தரை அனுப்புவாங்க. அவரு பொண்ணு ஊடுன்னு சொல்லிக்க மாட்டாரு. வேற ஏதோ வேலையா வந்தாப்பல பேக்கரியில நின்னு டீ குடிப்பாரு, அக்கம்பக்கத்துல பேச்சுக் குடுப்பாரு. என்ற தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப நானே தேங்கா வியாபாரின்னு சொல்லிட்டுப் போயி அவங்க ஊட்டு வாசல்ல விசாரிச்சேன். அந்த மாப்பிள்ளை இன்னிக்கு வரைக்கும் என்னைத் தேங்காக்காரரேன்னுதான் கூப்பிடறாரு. இதெல்லாம் நம்ம பக்கத்துல தப்பில்ல. எதிர்பாக்கறதுதான்.

அதனால நான் ஒரு ஏற்பாடு பண்ணினேன். சபரிகிட்டச் சொன்னேன், இந்தா பாரு சாமி, நான் போன் பண்ணி ‘ஆர்டர் வந்திருக்குடா’ன்னு சொன்னேன்னா, விசாரிக்க வந்த ஆள் என்ற பக்கத்துல உக்காந்திருக்கான்னு அர்த்தம். போன் ஸ்பீக்கர்ல இருக்கும். நீ என்ன சொல்லோணும்னா, ‘போன வாரத்து ஆர்டரே இன்னும் முடியலையேப்பா, வேற பக்கம் தாட்டி விட்ருங்க’ன்னு சலிச்சுக்கோணும். மொதல்ல பள்ளிக்கூடத்துப் பையன் பாட்டு ஒப்பிக்கறாப்பல சொன்னான். சலிப்பு பத்தலன்னு திருப்பித் திருப்பிச் சொல்ல வெச்சேன். நான் வாங்கிக்கலாம்டான்னு கெஞ்சினாக்கூட நீ விடக் கூடாது, நான் கெஞ்சக் கெஞ்ச நீ மேல மேல போகோணும்னேன். ‘ஏனுங்கப்பா, இதெல்லாம் தேவைங்களா?’ன்னான். தேவைடான்னேன். அப்பா சொன்னா செய்யற பையன். கொஞ்ச நாள்ல தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற அளவுக்கு வந்துட்டான்.

என்னமோ சொல்ல வர்றீங்க. இருங்க, முக்கியமான எடத்துக்கு வந்துட்டேன்.

ஆவணி மாசம் ஒருத்தன் வந்தானுங்க. ஒல்லியா, சட்டையை உள்ள விட்டு, தோள்ல பை, கையில செலேட்டு மாதிரி ஒரு போன். கேட்டான் பாருங்க ஒரு கேள்வி. ‘சார், அடுத்த மூணு மாசத்துல உங்க தொழில் இப்ப இருக்கறதைவிட நல்லா இருக்குமா, இப்படியே இருக்குமா, மோசமாகுமா?’

எனக்கு ஒடனே புரிஞ்சு போச்சு. நீங்களே சொல்லுங்க, வரிக்காரன் எதைக் கேப்பான்? போன வருசத்தைக் கேப்பான். பேங்க்காரனும் போன மூணு வருசத்தைக் கேப்பான். வரப்போற நாளைப் பத்திக் கேக்கறவன் யாரு? பொண்ணைக் குடுக்கறவன்! அவனுக்குத்தானே இனிமே நடக்கப்போறது முக்கியம்?

நான் சொன்னேன், நல்லா இருக்குமான்னா கேக்கறீங்க, தம்பி, வெச்சுச் சமாளிக்க முடியாதுங்க.

புதுசா ஆள் சேர்ப்பீங்களான்னான். அந்தப் பொண்ணு வந்து வேலையாளுகளுக்குச் சமைக்கோணுமோன்னு பயப்படறாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சு, சேர்ப்போமுங்க, ஆனா எல்லாருக்கும் சாப்பாடு வெளியிலதான்னேன். அதையும் தட்டிக்கிட்டான். ஏற்றுமதி உண்டான்னான். துபாய்ன்னேன். எந்த ஊருக்கும் நான் ஒரு ஆணி அனுப்பினதில்லீங்க, வாயில அதுதான் வந்துச்சு. விலைவாசி ஏறினது உங்களைப் பாதிக்குதான்னான். எங்க ஊட்டுல விலை கேட்டு வாங்கற பழக்கமே இல்லீங்க, அம்மிணி கைகாட்டினா எடுத்து வெச்சிருவாங்கன்னேன். அப்பறம் சபரிக்குப் போனைப் போட்டு ஆர்டர் வந்திருக்குடான்னேன். பையன் அன்னிக்குப் பேசினான் பாருங்க! அந்தச் சலிப்பைக் கேட்டு எனக்கே கவலையாயிருச்சு, இத்தனை ஆர்டரை எப்படி முடிக்கப் போறோம்னு.

எந்திரிக்கையில அவன் சொல்றான், ‘அக்கம்பக்கத்துலயும் கேக்கோணுங்க சார்.’ இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

அவன் முன்வாசல்ல செருப்பு மாட்டறதுக்குள்ள நான் பின்வாசல்ல ஓடினேனுங்க. பக்கத்துப் பட்டறை ஆறுச்சாமி. அவனும் இம்பெல்லர்தான் கடையறான், எனக்கு ஆர்டர் குடுத்துட்டு இருந்த பார்ட்டி ரெண்டு பேரை இழுத்துக்கிட்டவன். ஆனா நல்லது கெட்டதுன்னா நிப்பான். என்ற பையனுக்கு விசாரிக்க வந்திருக்கான், நல்லபடியா சொல்லுன்னேன். அந்தாண்ட மோட்டார் வைண்டிங் ராமானுஜம்கிட்டச் சொன்னேன். சந்து முனையில பேக்கரி அச்சுதன்கிட்டச் சொன்னேன். சந்து முழுக்கச் சொல்லிட்டேன்.

மனுசங்கன்னா இவங்கதானுங்க. ஆறுச்சாமி லேத்துல பெல்ட் அறுந்து, மாத்த வழியில்லாம அதுமேல துணி காயப் போட்டிருந்தான். அவன் சொல்லியிருக்கான், வெள்ளியங்கிரி தள்ளி விடற வேலையைச் செய்யவே எனக்கு இருபது ஆள் வேணும்னு. வெள்ளியங்கிரிங்கறது நான்தான். ராமானுஜம் ரெண்டாவது பட்டறைக்கு எடம் பாத்துட்டு இருக்கறதாச் சொல்லியிருக்கார். அவரு இருந்த பட்டறைக்கே ஷட்டர் வாடகை குடுக்காம ஒளிஞ்சுட்டு இருந்தாரு. அச்சுதன் என்ன சொன்னான் தெரியுமுங்களா? முன்னெல்லாம் ஒரு தடவை பப்ஸ் போடுவேன், இப்ப மூணு தடவை போட்டும் வேலையாளுகளுக்குப் பத்தலன்னு. அந்தத் தம்பி மூஞ்சி அப்படியே பூரிச்சுப் போச்சு. போகையில அவனுக்குத் தேங்கா பன்னு வாங்கிக் குடுத்து, ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டேன். ‘எங்க பையன் தங்கமுங்க’ன்னேன். அவனுக்கு ஒன்னும் புரியல, பயந்துபோயி அவனும் கும்பிட்டான்.

புரட்டாசி முடியட்டும்னு உடுமலையில காத்திருக்காங்கன்னு நாங்களும் இருந்தோம். அப்பத்தான் பேப்பர்ல வந்துச்சு.

‘கோவை பெருநகரில் தொழில் நம்பிக்கை உச்சம். சிறு தொழில்முனைவோர் உற்சாகம்.’ பக்கத்துல ஒரு படம், மேல மேல ஏறற கோடு. அச்சுதன் கடையில ஆறுச்சாமிதான் சத்தம் போட்டுப் படிச்சான். ஆள் கெடைக்காம திண்டாடறாங்களாம், வளைகுடா நாட்டுக்கு ஏற்றுமதியாம், பணியிடத்துச் சிற்றுண்டி விற்பனைகூட மும்மடங்காம். படிச்சுட்டுப் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு ஆறுச்சாமி சொல்றான், ‘பாத்தியா வெள்ளியங்கிரி, ஊர்ல எல்லாருக்கும் நல்லாத்தான் போகுது. நமக்குத்தான் நேரம் சரியில்ல.’ எனக்கும் வயிறு எரிஞ்சுதுங்க. எவன் சாமி அது, துபாய்க்கு அனுப்பறவன்? நம்ம கணபதியில எனக்குத் தெரியாம எவன் அனுப்பறான்? ராத்திரி சோறு எறங்கல.

ராமானுஜம்தான் ரெண்டு நாள் கழிச்சு வந்து காதுல சொன்னாரு, பேப்பர்ல வந்த அந்தச் சிற்றுண்டி நம்ம அச்சுதன் பப்ஸாட்ட இருக்குதுன்னு.

அதைக் கேட்ட ஒடனே சபரி சொல்லிட்டான், ‘அப்பா, அன்னிக்கு வந்தது தொழில் நெலவரம் கணக்கெடுக்கற ஆளுங்கப்பா.’ சரி, இருக்கட்டும்டா, இந்தச் சந்துல நாங்க சொன்னது கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம், மத்த சந்துலெல்லாம் நெசத்தைச் சொல்லியிருப்பாங்கல்ல, அப்ப ஊர்ல நல்லாத்தானே போகோணும்னேன். அவன் என்னையே பாத்துட்டுச் சொல்றான், ‘மத்த சந்துலயும் கல்யாணமாகாத பையன் இருப்பானுங்கப்பா.’ சின்ன வயசு, ஏதோ விரக்தியில பேசறான். பேப்பர்ல கோடு போட்டுக் காமிச்சிருக்காங்க, கோடு பொய் சொல்லுங்களா?

ஆனா அந்தக் கோடு எங்களைப் படுத்தின பாடு இருக்குதே! பில்டிங் ஓனரு பேப்பரைக் கையில புடிச்சுட்டே வந்து வாடகையை ஏத்திட்டாரு. கோயில் வசூல்காரங்க பேப்பரைக் காமிச்சு, துபாய்க்கே அனுப்பறீங்க, அம்மனுக்குக் குடுக்க மாட்டீங்களாங்கறாங்க. என்ற பட்டறையில செபாஸ்டியன்னு லேத்து ஓட்டற டர்னரு, பழைய ஆள். ஊரெல்லாம் ஆள் பத்தலையாமே, நான் வேற எடம் பாத்துக்கறேன்னு போயிட்டாரு. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு எல்லாம் நடந்திருக்காரு. போன எடத்துலெல்லாம், இங்க இல்லீங்க, அடுத்த சந்துல நல்லா போகுதாம், அங்க கேளுங்கன்னு சொல்லியிருக்காங்க. சந்து சந்தாச் சுத்திக் கடைசியில நம்ம சந்துக்கே வந்து சேந்துட்டாரு. மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு வந்து மெஷினைத் தொடைச்சாரு. நானும் மறுபடி சேத்துக்கிட்டேன்.

இதுல ராமானுஜம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாரு. இந்தப் பேப்பரை வரிக்காரன் படிச்சா என்னாகும்? அன்னிக்கே பேக்கரி முன்னால கூடிப் பேசி ஒரு முடிவெடுத்தோம். இனிமேல் எவன் வந்து கேட்டாலும் தொழில் படுத்துருச்சு, அவ்வளவுதான். ஆறுச்சாமி கேட்டான், பொண்ணு ஊட்டு ஆளா இருந்தா? நான்தான் சொன்னேன், அதுக்கென்ன, கேள்வியை வெச்சே கண்டுபுடிச்சிரலாம். வரப்போறதைக் கேட்டா பொண்ணு ஊடு. போனதைக் கேட்டா வரி. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.

இருங்களேன். முடிச்சிர்றேன். பையை எதுக்குத் தொறக்கறீங்க இப்ப?

தீவாளி முடிஞ்சு ஒருத்தரு வந்தாருங்க. கொஞ்சம் தாட்டியான ஆளு, வெள்ளை வேட்டி, மெதுவாப் பேசறாரு. நான் கிழிஞ்ச பனியனோட மெஷினுக்கு அடியில கெடந்தேன். அவரு குனிஞ்சு கேட்டாரு, ‘போன வருசமெல்லாம் வரும்படி எப்படிங்க இருந்துச்சு?’

போன வருசம்!

நான் அப்படியே எந்திரிச்சு உக்காந்து ஒப்பாரி வெக்காத கொறைதானுங்க. சோத்துக்கே இழுபறிங்க, மெஷினெல்லாம் துருப்புடிச்சுக் கெடக்குது, பையன் ஒருத்தன் இருக்கான், படிச்சுட்டுச் சும்மா உக்காந்திருக்கான், அவனால பத்துப் பைசா பிரயோசனம் இல்லீங்கன்னேன். என்ற வாயால சொன்னேன். தங்கமான பையனை. அவரு தலையை ஆட்டிக்கிட்டே பக்கத்துல போனாரு. ஆறுச்சாமி, வெள்ளியங்கிரியா, அவன் பாவமுங்க, எப்ப ஓடிப் போவான்னே தெரியலன்னிருக்கான். ராமானுஜம் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாராம். அச்சுதன், அவங்க டீ குடிக்கவே வர்றதில்லன்னுட்டான். எல்லாரும் சொல்லி வெச்சாப்பல, அத்தனை ஒத்துமையா!

பொழுதோட கிட்டுசாமி போன் பண்ணினாரு. வந்துட்டுப் போன வேட்டிக்காரரு அந்தப் பொண்ணோட தாய்மாமன்.

நான் எவ்வளவோ சொன்னேனுங்க. வரிக்காரன்னு நெனச்சுச் சொன்னது, அத்தனையும் பொய்ன்னேன். அதுக்கு அவரு நிதானமாச் சொல்றாரு, ‘இல்லீங்க, தொழில் மட்டமா இருக்கறது தப்பில்ல. ஊரே மட்டமா இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? ஆனா கோயமுத்தூர்ல எல்லாருக்கும் உச்சத்துல போகுதுன்னு பேப்பர்லயே போட்டிருக்குது. அப்பேர்ப்பட்ட நேரத்துலயும் உங்களுக்கு மட்டும் ஓடலைன்னா, கோளாறு எங்கன்னு நீங்க பாத்துக்கோணுமுங்க.’

நான் என்னத்தைச் சொல்ல? அந்த உச்சமே நான்தானுங்கன்னு சொல்லவா?

சபரி மெஷினைத் தொடைச்சான். தொடைச்ச எடத்தையே திரும்பத் திரும்பத் தொடைச்சான். ஒரு பேச்சுப் பேசியிருந்தா, என்னை ரெண்டு திட்டு திட்டியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். ஊட்டுக்காரி அன்னிக்கு இருந்து எங்கூடப் பேசறது ஒன்னுதான், சோறு எடுத்து வெச்சிருக்குது. அதையும் சோத்தைப் பாத்துச் சொல்றா, என்னைப் பாத்து இல்ல.

நேத்துத்தான் சொன்னான், மெட்ராஸ்ல கூடப் படிச்சவன் ஒரு வேலை பாத்து வெச்சிருக்கான், போறேனுங்கப்பான்னு. கழுத்துல அட்டை மாட்டற வேலை. காத்தால பையெல்லாம் கட்டி வெச்சுட்டு இங்க வந்தான். மெஷின்கிட்டக் கொஞ்ச நேரம் நின்னான். நின்னுட்டு, ‘ஒரு நல்ல ஆர்டர், ஒன்னே ஒன்னு வந்திருந்தா நான் இங்கயே இருந்திருப்பேனுங்கப்பா. பொண்ணெல்லாம்கூட அப்பறந்தான்’னான். போடா, போய் நல்லா இருன்னு மட்டும் சொன்னேன்.

சரி, இப்ப உங்க கதைக்கு வருவோம். நீங்களும் மூணு மாசத்தைக் கேட்டீங்க. வரப்போறதைக் கேட்டீங்க. ஆனா கையில செலேட்டு இல்ல. பொண்ணு ஊடுன்னா இத்தனை நேரம் பையனைக் காமிங்கன்னு கேட்டிருப்பீங்க. வரிக்காரன்னா நான் டீ குடுத்த ஒடனேயே மூக்குக் கண்ணாடியைப் போட்டுட்டுக் கணக்கு நோட்டைக் கேட்டிருப்பீங்க. எனக்குப் புடிபடலீங்க. நீங்களே சொல்லிருங்க. யாருங்க நீங்க?

என்னது?

என்ன ஆர்டரு? யாருக்கு?

எனக்கா?

நீங்க பார்ட்டியா? ஆர்டர் குடுக்கற பார்ட்டியா? அட கெரகமே, அதை வந்த ஒடனே சொல்றதுக்கென்னங்க! நான் சொல்ல விடலைங்களா? சரி, தப்புத்தான். எங்க, அந்தப் பையைக் காமிங்க. ஆமா, இம்பெல்லருதான். அப்பா, என்ன கனம்! வெங்கலமுங்களா? இதைச் சபரி கடைஞ்சான்னா மூஞ்சி பாத்து மீசை ஒதுக்கலாமுங்க. எத்தனை வேணும்? மாசாமாசமா? மூணு மாசத்துக்கும் முடியுமான்னுதான் கேட்டீங்களா? ஆள் இருக்குதான்னு அதுக்குத்தான் கேட்டீங்களா? சாமி, அந்தக் கேள்வியைக் கேக்கறதுக்குன்னு பார்ட்டின்னு ஒருத்தன் இருக்கான்ங்கறதே எங்களுக்கு மறந்து போச்சுங்க!

மத்த எடத்துலெல்லாம் கேட்டுட்டுத்தான் வர்றீங்களா? ஆறுச்சாமி என்ன சொன்னான்? மெஷினை வித்துட்டேன்னானா? இப்ப அந்தப்பக்கம் கேக்குதே கிர்ருனு, அது என்ன, அவன் பொண்டாட்டி மொளகா அரைக்கறாளா? பெல்ட் மாத்தியாச்சுங்க அவனுக்கு. சந்து முழுக்கக் கடையை மூடறோம்னு சொன்னாங்களா? அந்தத் தாய்மாமன் வந்துட்டுப் போனதுல இருந்து எவன் எதைக் கேட்டாலும் அதையேதான் சொல்றாங்க. நானும் இல்லைன்னா வடக்க ராஜ்கோட்டுப் பட்டறைக்கே போயிரலாம்னு இருந்தீங்களா? ராஜ்கோட்டா! அய்யய்யோ, உட்காருங்க, உட்காருங்க. அச்சுதா, இன்னொரு டீ! பப்ஸ் இருந்தாக் கொண்டா!

மணி என்ன? பஸ் ஏறியிருப்பான். ஒரு நிமிசம் இருங்க, அவனுக்குப் போனைப் போடறேன்.

அடிக்குது. அட, ஸ்பீக்கர்ல விழுந்துருச்சு. கை பழகிப் போச்சுங்க. இருக்கட்டும், நீங்களும் கேளுங்க, என்ன சந்தோசப்படறான் பாருங்க. டேய் சபரி! சபரி, ஆர்டர் வந்திருக்குடா!

‘போன வாரத்து ஆர்டரே இன்னும் முடியலையேப்பா. வேற பக்கம் தாட்டி விட்ருங்க.’

இல்லடா, டேய், நெசமாலுமே ஆர்டர்டா! பார்ட்டி பக்கத்துல உக்காந்திருக்காரு!

‘அதுக்கு நான் என்னங்கப்பா பண்றது? ஆள் பத்தல, மெஷின் பத்தல. துபாய்க்காரன் வேற தெனமும் போன் பண்ணித் திட்டறான். அடுத்த வருசம் வரைக்கும் நம்மகிட்ட நேரமே இல்லைன்னு சொல்லிருங்க.’

சாமி, உன்னைக் கும்பிடறேன்டா, நான் சொல்றதைக் கேளு, வண்டியை விட்டு எறங்கு!

‘எத்தனை கெஞ்சினாலும் முடியாதுங்கப்பா. வேணும்னா ராஜ்கோட்டுப் பக்கம் போகச் சொல்லுங்க.’

சபரி...

‘போதுங்களாப்பா? பஸ் எடுத்துட்டாங்க. இந்த எடமாவது அமையட்டும். வெச்சிர்றேனுங்க.’

கேட்டீங்களா. கடைசியில கொரலை எறக்கிக் கேட்டானே, போதுங்களாப்பான்னு. ஊரை விட்டுப் போற பஸ்ல உக்காந்துட்டு, சனம் அத்தனையும் பாக்க, எனக்காகச் சத்தம் போட்டு நடிக்கறானுங்க என்ற பையன். இவனையா நான் பிரயோசனம் இல்லாதவன்னு சொன்னேன்?

ஏனுங்க, பையை மூடாதீங்க. அவன் சொன்னது ஒன்னும் நெசமில்லீங்க. நேரம் இருக்குது. மெஷின் சும்மாத்தான் கெடக்குது. துபாய் இல்ல, ஆர்டரே இல்ல, எங்களுக்குத் தொழிலே இல்லீங்க! இதை இத்தனை சந்தோசமா நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. வாசல்ல நிக்கற வெள்ளைக் காரு உங்களதுதானுங்களே? திரும்பப் போன் பண்ணினா எடுத்துட்டு மறுபடியும் துபாயைத்தான் ஆரம்பிப்பான். கருமத்தம்பட்டி தாண்டறதுக்குள்ள பஸ்ஸைப் புடிச்சிரலாம், கெளம்புங்க. அந்த இம்பெல்லரை உங்க கையிலயே வெச்சுக்குங்க. நான் சொன்னா நம்ப மாட்டான். நீங்கதான் பஸ்ல ஏறி அவன் மடியில வெக்கோணும்.

செபாஸ்டியன், பட்டறையைப் பாத்துக்குங்க. வாங்க, வாங்க.

இன்னொன்னுங்க. அந்தா, ஆறுச்சாமி எட்டிப் பாத்துட்டு நிக்கறான். யாருன்னு கேட்டான்னா பொண்ணு ஊட்டு ஆளுன்னு சொல்லிருங்க. ஆர்டருன்னு தெரிஞ்சா, வித்த மெஷின் ஓடுதுன்னு அவன் இப்பவே சொல்லிருவான்.